வாழைமர நோட்டில் வந்த வாடகை

லூனாஸ்,
சுபானு வருடம், ஆவணி மாதம்

அன்பு மகன் பழனியாண்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் கண் திறந்திருப்பதால் இங்கே உயிரும் மரவள்ளிக்கிழங்குமாக நாள் போகிறது, அங்கே சிங்கப்பூரில் நீயும் மருமகள் புஷ்பவள்ளியும் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். இதைத் தபாலில் போடவில்லை, ஜப்பான்காரர்கள் பிரித்துப் படிக்கிறார்கள். லாரி ஓட்டும் ராமையா அங்கே வருகிறான், அவன் கையில் கொடுக்கிறேன், அதனால் மனதில் உள்ளதை எழுதுகிறேன், உள்ளதெல்லாம் எரிச்சல்தான்.

போன கடிதத்தில் நீ என்ன எழுதினாய்? அப்பா கட்டிவிட்டுப் போன வீட்டின் பின்கட்டில் இருக்கும் பாப்பம்மாவைக் காலி பண்ணச் சொல்லுங்கள், அவளால் வாடகை தர முடியாது, முன்கடை சுப்பிரமணியம் பெரிய மனிதர், அவர் பாக்கி எங்கேயும் போகாது என்று எழுதினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாப்பம்மாவின் புருஷன் அம்மாசியைச் சிடாம் கிரி தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவனைப் பற்றி ஒரு சேதி இல்லை. அப்படியும் அவள் தர முடியாத மாதம் தானே வந்து நின்று, "இந்த மாசம் கையில துட்டு இல்ல பெரியம்மா, கெழங்கு புடுங்கித் தர்றேன்" என்று சொல்லிவிடுவாள், சொன்னபடி தருவாள். அவள் ஆடு என் கீரைப் பாத்தியை மேய்ந்ததற்கு நான் தெருவே கேட்கும்படி சண்டை போட்டேன், அது வேறு. உன் பெரிய மனிதரோ ஜப்பான்காரன் வந்த மாதத்திலிருந்து ஒரு காசு தரவில்லை. கேட்டால் "யாவாரம் படுத்துப்போச்சுக்கா, கொஞ்சம் பொறுங்கலா" என்பார். படுத்துப்போன வியாபாரத்தில்தான் அவர் மனைவி கழுத்தில் புதுச் சங்கிலி ஏறியது. சொந்த ஊர்க்காரர் என்று அப்பா முன்பணம்கூட வாங்காமல் அவருக்குக் கடையைக் கொடுத்தார், நானும் முகத்துக்காகப் பொறுத்துப் பொறுத்து ஏமாளியானேன்.

ஆடி கடைசியில் ஒருநாள் அந்த ஆள் சிரித்துக்கொண்டே வந்து, பழைய வாடகைக் கணக்குப்படி மொத்தப் பாக்கியையும் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டாக ஒரு கட்டு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அந்தக் கட்டு முழுவதையும் பசாருக்குக் கொண்டுபோனால் அரை மூட்டை அரிசி வராது. இது எனக்கு வேண்டாம், நெல்லாகக் கொடுங்கள், எண்ணெயாகக் கொடுங்கள் என்றேன். அதற்கு அவர், "சப்பான்காரன் நோட்ட வேணாம்னு சொன்னா கெம்பித்தாய் என்ன பண்ணும்னு தெரியும்லக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். என் வீட்டில், அப்பா படத்துக்கு நேரே நின்றுகொண்டு கேட்கிறார் மகனே! பக்கத்துக் கூலிமில் நோட்டை மறுத்த காய்கறிக்காரரை அந்த ராணுவப் போலீஸ்காரர்கள் எந்த நிலையில் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கடையில் ஆட்கள் நின்ற நேரம் பார்த்து, பாப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே கட்டோடு போனேன். வாசலில் அதிகாரிகள் மாட்டச்சொன்ன விலைப்பலகை தொங்குகிறது, அந்த விலைக்கு அவர் ஒருவருக்கும் விற்பதில்லை, சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டு நாலு மடங்கு பத்து மடங்கு விலைக்குப் பின்வழியாகத் தள்ளுகிறார். நோட்டை மேசையில் வைத்துத் தேங்காய் எண்ணெயும் உப்பும் துணியும் பலகை விலைக்குக் கேட்டேன். "சரக்கு ஏதுக்கா?" என்றார். "பின்னறைக் கூரை ஒழுகுதுன்னு ஆளு வச்சு மாத்துனேனே, அப்ப டின்னு டின்னா அடுக்கியிருந்துச்சே தம்பி. இல்ல, நேத்து நீங்க குடுத்த நோட்டு இன்னைக்கு ஒங்களுக்கே வேணாமா?" என்று உரக்கவே கேட்டேன். நின்றவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். முகம் கருத்துப்போய் உள்ளே போய் எடுத்துவந்தார். நானும் பாப்பம்மாவும் சுமந்து சுமந்து கை வீங்கிவிட்டது. துணியில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் கிழித்துக் கொடுத்தேன், சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள் பாவம். இந்த மாதம் முதல் வாடகை எண்ணெயும் உப்புமாக வந்து சேர்கிறது, பயத்தில் தருகிறாரோ வெட்கத்தில் தருகிறாரோ, எனக்கு அக்கறையில்லை.

நீ அங்கே ஒரு முழு வீட்டை வாடகைக்கு எடுத்து அறை அறையாக வாடகைக்கு விடுவதாக எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன். வருகிறவன் சட்டையைப் பார்த்து அறை கொடுக்காதே, முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் போய் விசாரி. சிறிதாவது முன்பணம் வாங்கு. வாடகையை அரிசிக் கணக்கில் பேசு, நோட்டுக் கணக்கில் பேசாதே. ஒரு மாதம் தவறினால் அந்த மாதமே போய்க் கேள், இல்லாதவனுக்குத் தவணை கொடு, வைத்துக்கொண்டு இல்லை என்பவனுக்கு ஒரு நாளும் கொடுக்காதே. எல்லா அறையையும் ஒரே ஆளிடம் விட்டுவிடாதே.

இதெல்லாம் சரி, அதே கடிதத்தின் கடைசியில் ஏதோ கெட்டிக்காரத்தனம் போல ஒன்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அறைக்காரர்களிடம் அரிசியாக வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரச் சீனத்து அம்மாவுக்கு வாடகையை நிறுத்தி வைத்திருக்கிறாயாம், நோட்டின் மதிப்பு இன்னும் இறங்கியதும் அவளிடம் மொத்தமாக வீசிவிடுவாயாம். அவள் புருஷனை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான் என்று நீதானே முன்பு எழுதினாய்? சுப்பிரமணியத்தை இங்கே நான் கடைவாசலில் நிறுத்திக் கேட்டேன், உன்னை அங்கே யார் கேட்பார்கள்? நான் கேட்கிறேன். அவளுக்குச் சேரவேண்டியதை அரிசியாகவே அளந்து கொடு, உனக்குக் குறைந்தால் கிழங்கு தின்னு, இங்கே நாங்கள் தின்னவில்லையா.

முருகன் உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும், மருமகளை வெயிலில் அரிசி வரிசையில் நிற்கவிடாதே, கொசுவலையைத் தைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. போடுவதற்கு முன்னால் அந்த அம்மா வீட்டுக்குப் போய்வா.

உன்னைப் பெற்ற
மருதம்மாள்