உன் முதல் ஸ்கேனில் ஒரு சிவப்பு வட்டம்

என் பிரியமுள்ள அண்ணே,

நீ போன பிறகு இந்தக் கரோல் பாக் வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. காய்க்காரரிடம் இந்தி, ஆஸ்பத்திரியில் இந்தி. சில நாள் என் தமிழ்க் குரலை நானே கேட்பதில்லை.

எங்கள் ஸ்கேன் பிரிவில் எனக்குப் புது வேலை ஒன்று சேர்ந்திருக்கிறது. பொறியியல் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்து, ப்ராஸ்டேட் புற்றுநோயைப் படத்தில் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். செயற்கை அறிவாம். பழைய படங்களில் சந்தேகமான இடத்தில் அது தானாகச் சிவப்பு வட்டம் போடும். பிறகு ப்ராஸ்டேட் சுரப்பியின் எல்லையை நான் கோடு போட்டுக் காட்ட வேண்டும். நோய் இருந்த இடத்தை டாக்டர் குறிப்பார். அதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். படங்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

ஆனாலும் வியாழக்கிழமை உன்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து உன் இடுப்பெலும்பு கோணலாய்ச் சேர்ந்ததே, மறப்பேனா? உன் முதல் ஸ்கேன். "பாத்தியா, ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாவ. நீதான் சும்மா பயந்தே" என்று சிரித்தாயே, அதேதான். ஒன்றரை வருஷத்தில் நோய் எலும்புக்குப் போய்விட்டது.

அந்தப் படத்தில் கம்ப்யூட்டர் ஒரு வட்டம் போட்டிருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டு, இது உன் படம் என்று சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். "பெஹன்ஜி, அன்னைக்கு இதைப் பாத்து எழுதினது நான்தான்" என்றார் இந்தியில். "எனக்கு எதுவும் தெரியல."

"இப்போ தெரியுதா?"

"உங்க அண்ணன்னு தெரிஞ்ச பிறகு, இருக்குற மாதிரிதான் தோணுது. அதை எப்படி நம்புறது?"

அடுத்த படத்தைத் திறந்தார். ஐந்து வருஷமாக நலமாக இருக்கிற ஒருவருடையது. அதிலும் ஒரு வட்டம்.

கோபப்பட நினைத்தேன், வரவில்லை. அன்றைக்கே இந்த வட்டம் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா, அண்ணே? யாரிடம் கேட்பேன்?

"கஷ்டமா இருந்தா இந்தப் படத்தை நீக்கிடலாம், மேடம்" என்றாள் கல்லூரியிலிருந்து வந்த பெண். வேண்டாம் என்றேன். ஆனால் கோடு போட உட்கார்ந்ததும் படத்தை மூடிவிட்டேன். வெள்ளியும் சனியும் உன் எண்ணைத் தாண்டி அடுத்ததற்குப் போனேன். இன்று ஞாயிறு. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

உன் படத்தில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டேன், அண்ணே. நாளைக் காலை முதல் வேலையாக, மயிரிழை விலகாமல், நானே கோடு போட்டு முடிக்கிறேன்.

உன் ஒரே தங்கச்சி,
கோமதி