துடைக்காத கண்

கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெயில் கூசவேயில்லை. உன் நினைப்புதான் வந்தது. மரக்காணம் உப்பளத்தில் நமக்கு யார் கண்ணாடி கொடுத்தார்கள்?

உச்சிப்பொழுதில் வெள்ளைப் பாத்தியைப் பார்த்து உப்பு வாரினால் எல்லார் கண்ணிலும் நீர் வழியும். அதில் அழுகிறவள் யாரென்று உனக்கு மட்டும் தெரியும். எப்படி என்று கேட்டேன். "கூச்சத்துக்குத் தண்ணி வந்தா தொடைச்சிக்குவாங்கடி. அழுவுறவ தொடைக்க மாட்டா. தொடைச்சா தெரிஞ்சிடும்னு பயம்" என்றாய். அப்படி ஒருத்தியைக் கண்டால், எதுவும் கேட்காமல், அவள் கூடை உப்பில் பாதியை உன் கூடைக்கு மாற்றிக்கொள்வாய். எனக்கும் அந்தப் பார்வை பழகிவிட்டது. பழகியதுதான் வினை.

எமர்ஜென்சிக்கு முந்தின கோடையில், குடிக்க நல்ல தண்ணீரும் பாத்திப் பக்கம் நிழலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகையும் கேட்டு, பதினெட்டுப் பெண்களும் வேலைக்கு இறங்காமல் வரப்பில் உட்கார்ந்தோம். எல்லாரையும் சேர்த்தது நீ. மூன்றாம் நாள் மேஸ்திரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எட்டாவது படிச்சவ நீ. எடை போடுற கொட்டகையில மூட்டைக்கு நம்பர் எழுத ஆள் வேணும். நெழல்லயே ஒக்காந்துக்கலாம். யாரு மொதல்ல எறங்குவான்னு மட்டும் சொல்லு."

செல்லம்மாவைச் சொன்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல், காலையிலிருந்து அவள் கண்ணைத் துடைக்கவில்லை. மேஸ்திரி அவளிடம் போய்ப் பிள்ளையைப் பற்றி எவ்வளவு அன்பாக விசாரித்தார் தெரியுமா! ஆஸ்பத்திரிக்கு வண்டி அனுப்புகிறேன் என்றார். அவள் அழுதுகொண்டே பாத்தியில் இறங்கினாள். மத்தியானத்துக்குள் மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் நான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். நீ கூடையோடு வந்து என் முகத்தைப் பார்த்தாய். நிழலில் கண் கூச ஏது வழி? நான் துடைக்கவில்லை. நீதான் முந்தானையால் துடைத்துவிட்டு, பின்னால் நின்றவர்களிடம், "உப்புத் தூசி பட்டிருச்சி" என்றாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் நீ அதைக் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் கொஞ்சம் பிழைத்திருப்பேன். அதையும் நீ செய்யவில்லை.

இரண்டு கோடை கழித்துப் பாத்தியில் மயங்கி விழுந்தாய். உன்னைப் படுக்கவைக்க நிழல் என்று இருந்தது என் கொட்டகை ஒன்றுதான். அவ்வளவு தூரம் தூக்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் உட்காரும் பலகைக்குப் பக்கத்தில்தான் கிடத்தினார்கள்.

அந்தப் பார்வை இன்னும் என்னோடு இருக்கிறது. பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், அழுகிறவள் யாரென்று தெரிந்துவிடுகிறது. கிட்டே போக மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

இப்போது மருமகள் சொட்டு மருந்து விடக் கண்ணாடியைக் கழற்றினாள். "தண்ணியா வருதே, தொடைச்சிக்குங்க அத்த. மருந்து எரியும்" என்றாள்.

நான் துடைக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.