ஆல்டர்லி தோட்டத்தின் இரண்டு மஞ்சள் கொடிகள்

அனுப்புநர்:
குமுதா தம்புசாமி (வயது 24),
நில அளவைப் பட்டதாரி,
மேரு, கிள்ளான்.

பெறுநர்:
திரு. ராதாகிருஷ்ணன் அவர்கள்,
தலைமை விசாரணை அதிகாரி,
மருந்து தெளிப்பு விமான விபத்து விசாரணைக் குழு,
கோலாலம்பூர்.

பொருள்: ஜூலை 25 விபத்தில் விமானி ரவிசங்கர் முன்கூட்டியே திரும்பியதன் காரணம் கிடைத்திருப்பதால், விசாரணையை மூடாதிருக்கவும், செப்டம்பர் 10 தெளிப்பை நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன். என் தந்தையும் படித்து ஒப்பமிட வேண்டியிருப்பதால் மனு தமிழில் உள்ளது. மலாய்ப் படி இணைப்பில்.

1. ஆல்டர்லி செம்பனைத் தோட்டத்தில் மருந்து தெளித்த விமானம், பம்பு வீட்டுக்குப் போகும் மின்கம்பியில் மோதி விமானி இறந்தார். திரும்ப வேண்டிய இடத்துக்கு 240 மீட்டர் முன்பே அவர் திரும்பியதாகவும், காரணம் தெரியவில்லை, கவனக்குறைவாக இருக்கலாம் என்றும் தங்கள் முதல் அறிக்கை கூறுகிறது. காரணம் இருக்கிறது ஐயா! மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன், இதை அமைதியாகச் சொல்ல முடியவில்லை. மன்னிக்கவும்.

2. விமானத்தில் இடம் காட்டும் கருவி இருந்தாலும், திரும்பும் இடத்தில் நட்ட கொடியைப் பார்த்துத் திரும்புவதே இங்கு வழக்கம். பாதைக்குப் பக்கமாக ஓடும் மின்கம்பி முடிந்த பிறகுதான் அந்தக் கொடி நிற்கும். பனைகளுக்கு மேலே தெரியும்படி நெடிய மூங்கிலில் கட்டி, முந்தின மாலையே நடுவது என் தந்தை தம்புசாமியின் வேலை. ஏப்ரலில் கம்பெனியின் சிவப்புக் கொடிகள் நைந்துபோயின. புதியவை வரவில்லை. அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயில் குழுத் தலைவி பவுனம்மாளிடம் மஞ்சள் துணி கேட்டு வாங்கித் தைத்தார். மூன்று மாதமாக விமானிக்கு மஞ்சள் என்றால் திரும்பு என்று பொருள்.

3. ஜூலை 24 மாலை கோயிலில் ஆடித் திருவிழாக் கொடி ஏறியது. அதே துணிச் சுருள், அதே உயர மூங்கில். என் சித்தப்பா மகன் கிஷன் அப்போது எடுத்த படத்தைச் சென்ற ஞாயிறன்றுதான் பார்த்தேன். கோயில் கொடிக்குப் பின்னால், தூரத்தில், அப்பாவின் கொடி! உடனே நாடாவோடு ஓடிப்போய் அளந்தேன். இரண்டும் நின்ற இடங்களுக்கு இடையே 238 மீட்டர். காலைப் பனியில் விமானிக்கு முதலில் தெரிந்திருக்கக்கூடியது கோயில் கொடி. அங்கே திரும்பினால் நேர் எதிரே கம்பி.

4. இதைத் தாங்கள் ஏன் பார்க்கவில்லை என்பதும் புரிந்துவிட்டது. தோட்ட எல்லைக்குள் சாவு விழுந்தால் எங்கள் திருவிழா நின்றுவிடும். இறந்தவருக்காக விபத்தன்று பிற்பகலே கொடியை இறக்கி, மூங்கிலையும் பிடுங்கிவிட்டார்கள். தங்கள் குழு வந்தது 28ஆம் தேதி. யாரும் எதையும் மறைக்கவில்லை. அப்பாவிடம் சத்தம், புகை, நேரம் பற்றி ஐந்து கேள்விகள் கேட்கப்பட்டன; ஐந்துக்கும் பதில் சொன்னார். கொடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

5. கிள்ளானில் நான் சாப்பிடும் கடையில், "தூங்கிக்கிட்டே ஓட்டினாராம் லா" என்று சிரித்துப் பேசுகிறார்கள். விமானியின் மனைவி ரோகிணி சுங்கை வேயில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். அந்தச் சொல் அவர்கள் பள்ளிக்கும் போயிருக்கிறது.

6. மிக அவசரமானது இதுதான். இதே தோட்டத்தின் மேல் பிரிவில் செப்டம்பர் 10 காலை மீண்டும் தெளிப்பு. 9ஆம் தேதி மாலை அங்கே காளியம்மன் கோயிலில் கொடி ஏறுகிறது. அவர்களுக்கும் பவுனம்மாள் அதே சுருளிலிருந்துதான் துணி கொடுத்திருக்கிறார்.

இதை எழுதினால் அப்பாவின் வேலை போகலாம் என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன். படத்தை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம துணிதாம்மா. கேப்டன் நம்ம கொடின்னு நம்பித்தான் திரும்பியிருக்காரு. எழுது" என்றார்.

ஆகவே, செப்டம்பர் 10 தெளிப்பை உடனே நிறுத்தி, கோயில் குழுவையும் என் தந்தையையும் மறுபடி விசாரித்து, "கவனக்குறைவு" என்ற சொல்லை அறிக்கையிலிருந்து நீக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அழைத்தால் வருவேன். பேச்சு வராவிட்டாலும் அளந்து காட்டுவேன்.

இணைப்பு: படம், அளவை வரைபடம், இரண்டு கொடிகளிலிருந்தும் வெட்டிய துணித் துண்டுகள். எது கோயிலுடையது, எது வேலையுடையது என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். சீட்டுக் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளவும். அது இல்லாமல் எனக்கே தெரியாது.

நாள்: 2.9.2025
இடம்: மேரு, கிள்ளான்

உண்மையுடன்,
குமுதா

படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி.
தம்புசாமி