மணியில் என் பெயர்

1994, ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

கொழுந்தனார் பழைய கப்பல் சாமான், பட்டாளத்துச் சாமான் என்று சேர்த்து வைக்கிறவர். அவர் அலமாரியடியில் கிடந்த வெண்கல மணியைக் கேட்காமலே எடுத்து மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்துப்போட்டேன். தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

இன்று கோட்டைமேட்டிலிருந்து காதர் பாய் வந்தார். அந்த மணி கொழுந்தனாருக்கு அவர் கொடுத்ததாம். உலகச் சண்டைக் காலத்தில் குண்டு விழுந்து அவருடைய அப்பா செத்துப்போன கப்பலின் மணியாம்.

"ஏனுங்க அம்மணி, கப்பல் பேரை ஒருக்காத் தடவிப் பார்த்துட்டுப் போயிர்றேனுங்க."

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். "அண்ணி, விட்டா ஊட்டையே கோயிலுக்கு எழுதி வெச்சுருவீங்களாட்ட இருக்குது!"

பாயைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். பூசாரி மணியைக் கழற்றி வந்து கையில் கொடுத்தார். கப்பல் பெயரை அரத்தால் ராவிவிட்டு, அதே இடத்தில் 'உபயம்: சரஸ்வதி' என்று வெட்டச் சொன்னது நான்தான். பாய் அதைத்தான் தடவினார்.

"திருப்பி வாங்கித் தந்தர்றேனுங்க பாய்," என்றேன்.

"சாமிக்குக் குடுத்ததை வாங்கப்படாதுங்க. சத்தம் அதேதானுங்களே."

சாயங்காலப் பூசை மணியை வெளியே நின்றே கேட்டுவிட்டுப் போனார்.

என் பெயரை ராவி, கப்பல் பெயரைத் திரும்ப வெட்டிவிடலாம். அது என்ன பெயரென்று கொழுந்தனாருக்குத் தெரியும். இத்தனை பேசுகிற எனக்கு, அதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.