கலீபா லிங்கராஜுக்கு

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் லிங்கராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை, நீ மஸ்கட்டில் கை கால் சுகத்தோடு இருக்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால் லீவு முடிந்து திரும்பும் பிச்சைக்கனியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன் கேம்ப் வங்காளிப் பையன்கள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று உன்னைச் சுற்றி நின்றார்கள் என்று அவன் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ ஃபோர்மேன் ஆனதும் நல்ல அறையெல்லாம் நம் ஊர்க்காரர்களுக்கு, வெயில் வேலையெல்லாம் அவர்களுக்கு என்று ஆக்கிவிட்டாயாமே. அந்தப் பையன்களில் ஒருவன் தமிழே படித்துவிட்டானாம், அவனுக்கும் அதே வெயில்தானாம். இருபது வருஷம் மலையாளம் பேசியும் நம்மைப் பாண்டி என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் இங்கே உண்டு, அந்த எரிச்சல் உனக்குத் தெரியாததா.

இந்த வயதில் நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் பிளஸ் ஒன் படிப்பது உனக்குச் சிரிப்பு. ஆனால் சரித்திரப் பாடத்தில் இதுதானடா வருகிறது. டமாஸ்கஸிலிருந்து ஆண்ட உமையா கலீபாக்கள் பெரிய பதவிகளைப் பெரும்பாலும் அரபுக்காரர்களுக்கே வைத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் இஸ்லாத்தில் சேர்ந்த பிறகும் பல இடங்களில் பழைய வரியையே வாங்கினார்கள். கடைசியில் பாரசீகப் பக்கத்துக் குராசானில் கிளம்பிய கலகம் அவர்களைச் சாய்த்துவிட்டது. அடுத்து வந்த அப்பாசியர் பாக்தாத்தைக் கட்டி, பாரசீகக்காரர்களையும் மந்திரியாக்கிப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர்களும் உத்தமர்கள் இல்லை, தோற்ற குடும்பத்தாரை விருந்துக்கு அழைத்து வெட்டினார்களாம். மாதிரிப் பரீட்சையில் இதை எழுதும்போது கை தானாக உன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டது. டீச்சர் சிவப்புக் கோடு போட்டு, ஆராணு அம்மே, யார் இந்த லிங்கராஜ், எந்த வம்சம் என்று கேட்க வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

பெருநாளுக்கு அந்தப் பையன்கள் சாப்பிடக் கூப்பிட்டும் நீ போகவில்லையாமே. விருந்துக் கதையைப் படித்த அன்று, நல்லவேளை போகவில்லை என்றுதான் நினைத்தேன், பெற்ற வயிறு அப்படித்தான் நினைக்கும். பிறகுதான் உறைத்தது, அன்றைக்கே போய் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு இப்படிச் சுற்றி நின்றிருக்க மாட்டார்கள். அறையையும் வெயிலையும் முறைவைத்து மாற்று, நம் ஆட்கள் முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும். கோமதி அம்மன் உன்னைக் கண்போலக் காப்பாள், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே. இன்னொரு முறை கூப்பிட்டால் கட்டாயம் போய்ச் சாப்பிடு. ஆனால் தனியாகப் போகாதே, பிச்சைக்கனியையும் கூட்டிக்கொண்டு போ.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
கோமதியம்மாள்