கிருமியே இல்லாத குட்டை

12-8-86, திண்டிவனம்
தையல்நாயகி அம்மாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, தன் நிலத்தில் பிடுங்கிய மல்லாட்டைச் செடியை, வேர்க்கடலைதான், என் மேஜைமேல் போட்டார். "பாருங்க சார். பக்கத்துக் கொல்லையில வேர் பூரா முண்டு முண்டா இருக்கு. ஏங்கொல்லையில ஒண்ணுகூட இல்ல. எல பழுத்துக்கினு வருது."

எனக்குச் சுருக்கென்றது. ஜூனில் இதே அம்மாள்தான், அரிசி ஆலைச் சாம்பல் மேட்டை அணைக்க ஊற்றும் தண்ணீர் குட்டையில் இறங்குகிறது, மாடு வாய் வைப்பதில்லை என்று மனு கொடுத்தார். தண்ணீரைச் சோதித்து, "கிருமிகள் இல்லை, சுத்தம்" என்று எழுதியவன் நான். அந்தத் தாளைப் பார்த்துத்தான் விழுப்புரம் வருவாய் அலுவலகத்தில் மனுவைத் தள்ளினார்கள்.

13-8-86
குடிநீரையே சோதித்துச் சோதித்துப் பழகிய புத்தி. சோதனைக் கிண்ணத்தில் கிருமி ஒன்றும் முளைக்காவிட்டால் நல்ல தண்ணீர். ஆனால் மாடு இறங்குகிற குட்டையில் ஒரு கிருமிகூட இல்லை என்றால் சந்தேகம் வர வேண்டாமா? எந்த மடையன் அதைச் சுத்தம் என்பான்?

இன்று நல்ல கொல்லை மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றில் குட்டைத் தண்ணீரும் ஊற்றி வைத்தேன்.

16-8-86
கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய மண்ணைக் கிண்ணத்தில் இட்டதில் பொட்டுப் பொட்டாகக் கிருமிகள். குட்டைத் தண்ணீர் மண்ணில் ஏறக்குறைய ஒன்றுமில்லை; சாம்பலின் காரம் கொன்றிருக்கிறது. வேர் முண்டுக்குள் இருந்து செடிக்குச் சத்துப் பிடித்துத் தருகிற கிருமிகளும் செத்திருக்கும். சீ, நானெல்லாம் ஒரு ஆளா.

18-8-86
மேலதிகாரி தேவநாதன் சாரிடம் சொன்னேன். "எழுதினது எழுதினதுதான்யா அப்பாதுரை. பேஜாரு பண்ணாத." அப்பாடா என்றிருந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

20-8-86
ஒன்றும் செய்யவில்லை.

25-8-86, விழுப்புரம் போய் வந்து
மனு நாள். அந்த அம்மாளோடு போய், அதிகாரி முன்னால் "என் அறிக்கை தப்பு சார்" என்று சொல்லி எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் சாம்பலை அள்ள உத்தரவு.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்: "மழையே சரியா இல்லியே, குட்டையும் வழியல, அந்தத் தண்ணி எப்டிம்மா கொல்லைக்கு வந்துச்சி?"

"நாந்தான் எறைச்சி ஊத்தினேன். நீங்க சுத்தம்னு எழுதினீங்களே."

"ஆபீசுக்குள்ள ஏன் இத சொல்லல?"

"சொன்னா உங்க வேல போயிடாதா?"

பஸ்ஸில் பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிட்டார். உட்கார முடியவில்லை. திண்டிவனம் வரை நின்றுகொண்டே வந்தேன்.