படம் நின்ற இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஆலையில் நடந்த தீ விபத்தின் கேமராப் பதிவை விசாரணைக்காக இரட்டை அடுக்கு டிவிடியில் பதிந்தேன். முதல் அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது படம் ஒரு நொடி நிற்கும். அந்த இடத்தை நாம்தான் குறிக்க வேண்டும்.

“நாலு மணி நேரத்தை எவன் முழுசாப் பார்க்கப்போறான்? அது நிக்கற எடத்தை இருட்டா இருக்கற பக்கமா வச்சுடு,” என்றார் முதலாளி.

நான் வேறிடத்தில் வைத்தேன். இன்று அதிகாரி வேகமாக ஓட்டிப் பார்க்கையில் படம் நின்றது. அந்தப் படத்தில், உள்ளே ஆட்கள் இருக்க, முதலாளி வெளியிலிருந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

பிறகு முதலாளி என் தோளில் கைபோட்டு, “உங்கப்பா அட்ரஸ் என்னப்பா?” என்று கேட்டார்.

பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் அத்தை வீட்டில் இருங்கள். அங்கிருந்து நாலு வரியாவது எழுதுங்கள். வாசலில் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்